மேல்மாடி ஃபேன்

தங்கையன் வீட்டு முன்னறையில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. அதில் ஒன்றுகூட அவருடைய வீட்டுச் சாவி இல்லை. அவர் வீட்டுக்குப் பகலில் பூட்டு போடும் பழக்கமே கிடையாது.

கருங்கலிலிருந்து இனயம் போகிற ரோட்டில் அந்தப் பக்கம் ஆள் இருக்கிற வீடுகளைவிடப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் கூடுதல். மஸ்கட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவன், குவைத்தில் நர்ஸாக இருக்கிறவள், தோஹாவில் லாரி ஓட்டுகிறவன் என்று எல்லோரும் ஆளுக்கொரு வீடு கட்டி, மதிலுக்கு வண்ணக் கல் பதித்து, லீவில் வந்து ஒரு மாதம் அதில் படுத்தெழும்பிவிட்டு, சாவியைத் தங்கையன் கையில் கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீடுகளுக்கு அந்தி சாய்வதும் பொழுது விடிவதும் அவர் கையில்தான். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஒவ்வொரு வீடாகப் போய் முன்பக்க விளக்கைப் போடுவார். விடிந்ததும் அதே வரிசையில் போய் அணைப்பார். வாரத்தில் ஒரு நாள் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுவார். குழாய்களில் தேங்கிய துருத்தண்ணீரை ஓடவிட்டு, நிலைக்கதவில் கரையான் ஏறியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்.

யாரும் அவரைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. லீவில் வருகிறவர்கள் ஒரு டார்ச்சோ செண்டு பாட்டிலோ கொண்டு வருவார்கள். வராவிட்டாலும் அவருக்கு வருத்தமில்லை. வழியோடு போகிற எவனாவது, “இம்மாம் பெரிய வீட்டுல யாருதான் இருக்கா?” என்று கேட்டால், டீக்கடையில் இருக்கிறவர்கள் “யாருமில்ல. தங்கையன் பாக்காரு” என்பார்கள். இந்த “பாக்காரு”தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த வீடுகளிலேயே பெரியது ரெனிஷின் வீடு. தங்கையனின் பெரியப்பா பேரன் ரெனிஷ். முறைக்கு மகன் என்பதால் “சித்தப்பா” என்றுதான் கூப்பிடுவான். சார்ஜாவில் ஏசி கம்பெனியில் வேலை. மனைவி ஸ்மைலின் அங்கேயே ஒரு ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள். ரெனிஷின் அம்மா இறந்த பிறகு வீடு முழுநேரமும் பூட்டு. இந்த வருஷம் மே மாதம் லீவில் வந்தவர்கள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். எலக்ட்ரீஷியன் ரசலையன் வந்து சுவரிலிருந்த பழைய சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, கறுத்த கண்ணாடிப் பலகைகளைப் பொருத்திவிட்டுப் போனான். தொட்டால் எரிந்தது. தொடாமல் போனிலிருந்தும் எரிந்தது.

புறப்படுகிற அன்றைக்கு ரெனிஷ் அவரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“சித்தப்பா, இனி இங்க நீங்க அந்திக்கி வரண்டாம் கேட்டியளா. முன்வாசல் லைட்டு தானே எரியும், தானே அணையும்.”

“தானேன்னா?”

“சூரியன் போனா எரியும். சூரியன் வந்தா அணையும்.”

“சூரியன் போனது இதுக்கு எப்பிடிலே தெரியும்? இது சுவருக்குள்ளல்லா இருக்கு.”

“அது நெட்டுல பாத்துக்கிடும்.”

தங்கையனின் தலை தானாக ஆடியது. மனதில் ஒன்றும் ஏறவில்லை. சூரியன் போனதை ஜன்னல் வழியாகப் பார்க்காமல் நெட்டில் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது கேட்கவேண்டிய கேள்வியா கேட்கக்கூடாத கேள்வியா என்று அவருக்குத் தெரியவில்லை. ரெனிஷ் மேல்மாடி அறைக்கும் கூட்டிப்போனான். அங்கே புதிய ஃபேன், தட்டையான மூன்று இறக்கைகள், ஓரங்களில் தங்க நிறக் கீற்று. போனில் விரலை வைத்து இழுத்தான். ஃபேன் சத்தமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

“கண்டியளா? நான் சார்ஜாவுல இருந்தாலும் இது கறங்கும்.”

“நீ அங்க இருக்கும்போ இது இங்க எதுக்கு கறங்கணும்?”

ரெனிஷ் சிரித்தான். ஸ்மைலினும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கையன் கேட்டது கிண்டலுக்கு அல்ல.

“ஒண்ணு மட்டும் சித்தப்பா. மெயின அணைச்சிராதிய. மெயின் போனா நெட்டு போவும், நெட்டு போனா எல்லாம் போவும்.”

அது அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஒரு வீட்டைப் பூட்டி இறங்கும்போது மெயினை அணைப்பது அவருக்கு ஜெபத்துக்குப் பின் ஆமென் சொல்வது மாதிரி. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஸ்மைலின்தான், “சாவி உங்களிட்டயே இருக்கட்டும் மாமா, எதுக்கும்” என்றாள்.

அவர்கள் போனபின் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்தது.

முதல் குழப்பம் விளக்கில் ஆரம்பித்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டுத் தங்கையன் ரெனிஷ் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்பார். இருட்டி, தவளை கத்தி, ரோட்டில் போகிற ஆளின் முகம் மறைந்த பிறகும் அந்த வீடு கறுப்பாகவே நிற்கும். இன்றைக்கு மறந்துவிட்டது போல என்று வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக் கை கழுவப் போகும்போது பார்த்தால், தூரத்தில் மதிலுக்கு மேலே வெளிச்சம். காலையில் அதற்கு நேர்மாறு. வெயில் வந்து ரோடு காய்ந்த பிறகும் முன்வாசலில் விளக்கு வெளிறிப்போய் எரிந்துகொண்டிருக்கும்.

தேங்காப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டு வருகிற கமருதீன் இதைக் கவனித்துவிட்டான்.

“அண்ணே, உங்க பொறுப்பிலுள்ள வீடு எழும்ப நேரமாவுது போல. ஊரெல்லாம் பல்லு தேச்சாச்சு, அது இன்னும் லைட்டு போட்டுக் கெடக்கு.”

“அது தானே அணையும்.”

“தானேயா? அப்ப உங்களுக்கு என்ன வேல?”

“எனக்கு ஒரு வேலயுமில்ல. நீ சாளய நிறுத்துப் போடு.”

“இதயும் தானே நிறுக்கச் சொல்லுங்க” என்று கமருதீன் தராசைத் தூக்கினான். தங்கையனின் மனைவி நேசபாய் சட்டியை நீட்டிக்கொண்டே சிரித்தாள். தங்கையன் சிரிக்கவில்லை. சூரியனை நெட்டில் பார்க்கிறவன் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பிந்துவானா? ஒருவேளை நெட்டு போய்ச்சேர அவ்வளவு நேரம் எடுக்குமோ? ரெனிஷிடம் கேட்கலாம். கேட்டால், இவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சிரிப்பான். விட்டுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஸ்மைலின் கூப்பிட்டாள். சுகம் விசாரித்தாள். நேசபாயின் முட்டுவலியை விசாரித்தாள். பிறகு, “மாமா, மேல ரூமு ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கே. நீங்க போட்டியளா?” என்றாள்.

“நான் அங்க போகவே இல்லியே மக்கா.”

“செரி. நான் இங்க இருந்து அணைச்சிருக்கேன்.”

மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாள் கூப்பிடவில்லை, ஆனால் திங்கட்கிழமை கூப்பிட்டாள். இந்தத் தடவை முட்டுவலியை விசாரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்து மேஜைக்காரர் கேட்கக்கூடாது என்பதுபோல, “மாமா, தப்பா நெனச்சிராதிய. உச்ச நேரத்துல அங்க யாராவது வந்து படுக்கதுண்டா?” என்று கேட்டாள்.

“யாரு வந்து படுப்பா? சாவி எனக்க கையிலயாக்கும் இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. சாவி அவர் கையில். வேறு யார் கையிலும் இல்லை. அப்படியானால் படுக்கிறவர் யார்?

“செரி மாமா” என்று ஸ்மைலின் வைத்துவிட்டாள்.

அந்தச் “செரி” அவருக்குத் தெரிந்த சொல். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்பார்கள். தங்கையன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு அண்டி ஆபீஸின் கேட்டில் கழித்தவர். சாயங்காலம் பெண்கள் வரிசையாக வெளியே வரும்போது தூக்குவாளியைத் திறந்து காட்டவேண்டும், முந்தானையை உதறிக் காட்டவேண்டும். பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாள், சில முகங்களைப் பார்த்தால் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் வாளியில் சோற்றுப் பருக்கைதான் ஒட்டியிருக்கும். அப்போது அவர், “செரி, போ” என்பார். நம்பிவிட்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. பிடிக்க முடியவில்லை, போ என்று அர்த்தம். அந்தப் பெண்களுக்கும் அது தெரியும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, திறந்த வாளியை மூடாமலே ரோட்டுக்கு இறங்குவார்கள்.

அன்று சாயங்காலமே மழையோடு போய் ரெனிஷ் வீட்டைத் திறந்தார். கீழே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மாடிப்படி ஏறி மேல் அறைக் கதவைத் தள்ளினார்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அறையில் யாருமில்லை. கட்டிலில் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. உடம்பில் ரோமம் நிற்கிற குளிர். அந்தக் குளிரில் யாருக்கு வேர்த்து, யாருக்காக இது சுற்றுகிறது? பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலை மட்டும் மூச்சு விடுவதுபோல எழும்பி எழும்பி அடங்கியது. அவர் கண்ணாடிப் பலகைப் பக்கம் போனார். எந்தப் புள்ளியைத் தொடவேண்டும் என்று நினைவில்லை. விரலை நீட்டினார். தொடுவதற்கு முன்பே ஃபேன் நின்றுவிட்டது.

கீழே இறங்கினது அவருக்கு நினைவில்லை. கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் ஒரு செருப்பு மாடியிலேயே கிடப்பது தெரிந்தது.

“எனக்கொண்ணும் பேடியில்ல, பயந்து ஓடியும் வரல்ல” என்று வீட்டில் வந்து சொன்னார்.

“பின்ன ஒத்தச் செருப்போட எதுக்கு வந்திய?” என்றாள் நேசபாய்.

நடந்ததைச் சொன்னார். நேசபாய் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அவளே அங்க இருந்து நிறுத்தியிருப்பா. நீங்கதான பறஞ்சிய, போனிலயே அணைப்பான்னு.”

“அணைச்சது அவ. போட்டது யாரு?”

நேசபாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சத்தியமா பறயுங்க. உச்சைக்கு சாப்பிட்டுட்டு டீக்கடைக்குப் போறேன்னு போறியளே. டீக்கடைக்குத்தான் போறியளா?”

தங்கையன் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டினவளே கேட்கிறாள். கடல் தாண்டி இருக்கிறவள் கேட்டதில் என்ன குற்றம்?

மறுநாள் காலையில் போய், செருப்பை எடுத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். கரண்டே இல்லாமல் சுற்றினால் அது பிசாசு, சுற்றாவிட்டால் அது மிஷின், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. பகல் ஒரு மணிக்கு ஸ்மைலின் கூப்பிட்டாள்.

“மாமா, அங்க கரண்டு இல்லியா? போன்ல வீடே காட்டல்ல.”

“நான்தான் மெயின அணைச்சேன்.”

“ஏன் மாமா?”

“ஃபேன் கறங்காம இருக்கதுக்கு.”

அந்தப் பக்கம் ஏசி இரைச்சல் கேட்டது. “ஃபேன் கறங்கினா எங்களுக்கு ஒண்ணுமில்ல மாமா. மெயினப் போட்டுருங்க. வீட்டுல என்ன நடக்குன்னு எங்களுக்குத் தெரியணும்லா.”

மெயினை அணைத்தால் மறைக்கிறவன். அணைக்காவிட்டால் படுக்கிறவன். தங்கையன் போய் மெயினைப் போட்டார். போடும்போது, இனி கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி என்று முடிவுசெய்தார். அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பது, அது எப்படிச் சுற்ற ஆரம்பிக்கிறது என்று ஆரம்பத்திலிருந்து பார்ப்பது. பார்த்துவிட்டு ஸ்மைலினைக் கூப்பிட்டு, இன்ன மாதிரி என்று சொல்வது.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், டீக்கடைக்கு என்று நேசபாயிடம் சொல்லாமலே இறங்கினார். மேல் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். ஃபேன் நின்றுகொண்டிருந்தது. அதையே அண்ணாந்து பார்த்தார். மழை ஓட்டுச்சாய்ப்பில் விழுகிற சத்தம் ஒரே சீராக இருந்தது. கழுத்து வலித்தபோது தலையைக் குனிந்தார். குனிந்த தலை எப்போது நெஞ்சில் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

போன் அடித்ததில்தான் கண் திறந்தது. ஸ்மைலின். தடவித் தடவிப் பச்சையைத் தொட்டார்.

“மாமா, எங்க இருக்கிய?”

தலைக்கு மேலே காற்று. நிமிர்ந்தார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது? பார்க்கவேண்டிய அந்த ஒரு நொடியைத் தூங்கித் தொலைத்துவிட்டோம். உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் போட்டது நானில்லை என்றா? அதை எந்தக் கேட்டில் எந்தக் காவல்காரன் நம்புவான்?

“வீட்டுல இருக்கேன் மக்கா” என்றார்.



“எங்க வீட்டுலயா, உங்க வீட்டுலயா மாமா?”

“எனக்க வீட்டுல. இப்பதான் உண்டுட்டு படுத்தேன்.”

“செரி மாமா.”

அவள் வைக்கும் முன் அவர் மடியிலிருந்த போனைச் சரியாகப் பார்த்தார். அது வெறும் அழைப்பில்லை, வீடியோ கால். திரையில் ஸ்மைலினின் முகம். மூலையில் சின்னதாக ஒரு கட்டம். எந்தக் காலத்திலும் வீடியோ காலில் தங்கையனுக்குப் போனை எங்கே பிடிக்கவேண்டும் என்று தெரிந்ததில்லை. மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். எதிரில் இருப்பவர்களுக்கு அவருடைய தாடையும் கூரையும்தான் தெரியும். அந்தக் கட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. அவருடைய நரைத்த தாடை, அதற்கு மேலே வெள்ளைக் கூரை, கூரையில் தங்கக் கீற்று ஓரமிட்ட இறக்கைகள் ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

திரை அணைந்தது.

அவர் ரொம்ப நேரம் அந்த நாற்காலியில் இருந்தார். செய்யாத ஒன்றுக்குச் சாட்சி தேடி வந்து, செய்த ஒன்றுக்குத் தானே சாட்சி கொடுத்துவிட்டார். எதற்காகப் பொய் சொன்னோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சார்ஜாவிலிருந்து போன் வரவில்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் அது நிம்மதி இல்லை என்று தெரிந்தது. கமருதீன் மீன் நிறுக்கும்போது, “என்ன அண்ணே, முகம் வாடிக் கெடக்கு, ஐஸு போட்டு வைக்கணுமா?” என்றான். தங்கையன் சட்டியோடு உள்ளே போனார். பலகையில் மற்றச் சாவிகளைப் பார்த்தார். ஒரு வீட்டில் நம்பிக்கை போனால் அந்த வரிசையில் எத்தனை ஆணி காலியாகும்? அவர்கள் கேட்டு வாங்குவதற்கு முன்னால் தானே கொடுத்துவிடுவது கௌரவம். ரசலையன் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முட்டு முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் நேசபாயிடம்.

“முட்டுவலி எனக்கில்லா?” என்றாள் நேசபாய்.

“ரெண்டு பேருக்கும் இருக்கட்டு.”

சனிக்கிழமை சாயங்காலம் ரெனிஷ் கூப்பிட்டான். தங்கையன் போனை எடுத்துக் காதில் வைக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அந்தப் பக்கம் சிரிப்பு.

“சித்தப்பா, ஒரு கூத்து கேளுங்க. மேல ரூமு ஃபேனு தானே ஓடுதுன்னு இவ ஒரே புலம்பலு. நான் சைட்டுல ஓடிக்கிட்டே இருந்ததுல பாக்கவே இல்ல. இன்னைக்கிதான் ஆப்புக்குள்ள போய் பாத்தேன். எல்லா சாமானும் இங்க வாங்கி, இங்க ஃபிளாட்டுல வச்சுதான நான் முதல்ல டெஸ்ட் பண்ணினேன்? அப்ப வீடு எங்கன்னு கேட்டதுக்கு சார்ஜான்னு போட்டுருக்கேன். அத மாத்தவே இல்ல.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. சூடு நாப்பது தாண்டினா ஃபேனு போடுன்னு சும்மா ஒண்ணு போட்டுப் பாத்தேன். மறந்தே போச்சு. இங்க நாப்பத்தஞ்சு சூடுல்லா இப்ப. இங்க சூடு கூடினா அது அங்க ஃபேனப் போடுது. சூரியனும் அப்பிடித்தான், இங்க அஸ்தமிச்ச பொறவாக்கும் அங்க லைட்டு எரியுது.”

தங்கையன் அதை மெதுவாக மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார். சார்ஜாவில் வெயில் அடிக்கிறது. அதனால் இங்கே மழையில் காற்று வருகிறது. அங்கே அவர்கள் வேர்த்து ஒழுகும்போது, இங்கே யாருமில்லாத மெத்தைக்கு விசிறுகிறது. ஒவ்வொரு துண்டும் புரிந்தது. சேர்த்து வைத்தால் புரியவில்லை.

“அப்ப யாரும் படுக்கல்ல” என்றார்.

“யாரு படுக்கா? எல்லாம் மாத்திட்டேன். இனி லைட்டு சரியா நம்ம அந்திக்கி எரியும், பாருங்க.”

அன்று அந்தியில் போய் நின்று பார்த்தார். வானத்தில் செம்மை வடிந்ததும் முன்வாசல் விளக்கு எரிந்தது. நேசபாய், “தீந்துதுல்லா, இனியாவது ஒழுங்காட்டு உண்ணுங்க” என்றாள். அவரும் தீர்ந்தது என்றுதான் நினைத்தார். சோற்றில் கை வைத்ததும், தீரவில்லை என்று தெரிந்தது. ஃபேன் போட்டது அவரில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் படுத்திருக்கிறேன் என்று சொன்னது அவர்தான். அதை எந்த ஆப்புக்குள்ளே போய் மாற்றுவது? ரெனிஷ் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஸ்மைலின் அவனிடம் சொல்லவில்லையா? சொல்லியும் அவன் பேசவில்லையா? எது நல்லது, எது கேடு?

மறுநாள் ஆராதனையில் போதகர் வாசித்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் போனை எடுத்து, வேண்டுமென்றே வீடியோ காலைத் தொட்டார். முகத்துக்கு நேராக, கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஸ்மைலின் சமையலறையில் இருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“மாமா? எதுவும் விசேஷமா?”

“மக்கா, அண்ணைக்கி நீ கூப்பிட்டப்ப நான் வீட்டுல இல்ல.”

“தெரியும் மாமா.”

“மேல ரூமுலயாக்கும் இருந்தேன். அது எப்பிடி கறங்குன்னு பாக்கதுக்கு வந்து இருந்தேன். உறங்கிப் போனேன்.”

“ஃபேனு தெரிஞ்சுது” என்றாள். சிரிக்கவில்லை.

“நீ ரெனிஷ்கிட்ட பறஞ்சியா?”

“இல்ல.”

“ஏன்?”

ஸ்மைலின் அடுப்பைக் குறைத்தாள். “பறஞ்சா அவரு சாவியக் கேப்பாரு. அதுக்கு எனக்கு மனசு வரல்ல.”

“அப்ப நீ நெனச்சே.”

அவள் போனை எங்கோ சாய்த்து வைத்தாள். கைகளைத் துடைத்தாள். “நெனச்சேன் மாமா. நீங்க உச்சைக்கு அங்க வந்து படுக்கியன்னு நெனச்சேன். படுத்தா படுக்கட்டுன்னும் நெனச்சேன். பூட்டிப் போட்ட வீடுதானே. ஆனா நீங்க இல்லன்னு பறஞ்சதுதான் ஒரு மாதிரி இருந்துது. எங்கிட்ட ஏன் மறைக்கணும்னு.”

தங்கையன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். சந்தேகப்பட்ட கையோடு மன்னித்தும் இருக்கிறாள், அவர் செய்யவே செய்யாத ஒன்றை. அதற்குக் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா?

“நான் ஒரு நாளும் அங்க படுத்ததில்ல மக்கா.”

“இப்ப தெரியும்.”

“அந்தப் பொய்யி பறஞ்சது மட்டும் உள்ளதாக்கும்.”

“செரி” என்றாள். பிறகு, அந்தச் சொல் தனியாக நிற்பது அவளுக்கும் பிடிக்கவில்லை போல, “நானும் நேரே கேட்டிருக்கணும். வீடியோவப் போட்டு சோதிச்சது எனக்க தப்பு” என்றாள்.

அவள் பக்கம் எதுவோ கொதித்துச் சிந்துகிற சத்தம் கேட்டது.

“சாவிய என்ன செய்யட்டு?” என்று கேட்டார்.

“என்ன செய்யதுக்கு? ஜன்னலெல்லாம் இவரு போன்ல தொறக்க முடியாது மாமா. மழையில பூசணம் பிடிச்சிருக்கும். நாளைக்கி ஒரு நடை போய் தொறந்து போடுவியளா?”

“மழ விட்டா போறேன்.”

“போனா ஒரு அஞ்சு நிமிசம் இருந்துட்டு வாங்க. நான் இங்க இருந்து ஃபேனு போட்டு விடுதேன்.”

அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. அது கேலியா, அன்பா, இரண்டும் கலந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“வேண்டாம்” என்றார். “வேணும்னா நானே போட்டுக்கிடுதேன்.”

போனை வைத்துவிட்டு வந்தபோது நேசபாய் நடையில் நின்றாள்.

“என்னவாம்?”

“சாவி இங்க இருக்கட்டாம்.”

“அது எப்பவும் இங்கதான இருக்கு” என்றாள் நேசபாய். “சட்டையக் கழத்துங்க, சோறு ஆறுது.”